ஷெரிப்பின் மேசைமீது ஒரு விண்ணப்பம்

1967 மே 2 அன்று, கலிபோர்னியாவின் தலைநகரான சாக்ரமென்டோவில், சட்டமன்றக் கட்டடத்தின் புல்வெளிக்கு ஆளுநர் ரொனால்டு ரீகன் பள்ளிப் பிள்ளைகள் சிலரைச் சந்திக்க வந்திருந்தார். அதே வேளையில் ஆணும் பெண்ணுமாக ஏறக்குறைய 30 கறுப்பின இளைஞர்கள் அந்தக் கட்டடத்தை நோக்கி நடந்து வந்தார்கள். பெரும்பாலோர் கையில் துப்பாக்கி இருந்தது. அதன் வாய் வானத்தையோ தரையையோ பார்த்திருந்தது. ஆள்மேல் நீட்டினால் குற்றம், வெளிப்படையாக ஏந்திச் சென்றால் குற்றமில்லை என்பது அன்றைய கலிபோர்னியச் சட்டம். அந்தச் சட்டத்தை அவர்கள் வரி வரியாகப் படித்திருந்தார்கள்.

அவர்கள் பிளாக் பேந்தர் கட்சியினர். 1966 அக்டோபரில் ஓக்லாந்து நகரில் ஹியூயி நியூட்டனும் பாபி சீலும் தொடங்கிய கட்சி அது. ஓக்லாந்து போலீசார் கறுப்பர்களைத் தெருவில் நிறுத்திச் சோதிக்கும்போதெல்லாம், சட்டம் சொல்லும் தூரத்தில் தள்ளி நின்று, கையில் துப்பாக்கியோடும் காரில் சட்டப் புத்தகங்களோடும் கவனிப்பது அவர்கள் வேலை. இதைத் தடுக்கவே டான் மல்ஃபோர்டு என்ற சட்டமன்ற உறுப்பினர் ஒரு மசோதா கொண்டுவந்தார். பொது இடத்தில் குண்டு நிரப்பிய துப்பாக்கியை ஏந்தக் கூடாது என்றது அது. அதை எதிர்த்துத்தான் அவர்கள் சாக்ரமென்டோ வந்தார்கள். ஜூலை 28 அன்று ரீகன் அதில் கையெழுத்திட்டார். தேசிய ரைஃபிள் சங்கம் அந்த மசோதாவை ஆதரித்தது.

அமெரிக்கத் துப்பாக்கி உரிமை என்றதும் நம் மனத்தில் எழும் படம் வேறு: கிராமப்புறத்து வெள்ளைக்காரர், பின்னால் ரைஃபிள் மாட்டிய டிரக், வாஷிங்டன்மீது தீராத சந்தேகம். அந்தப் படத்துக்குள் சாக்ரமென்டோ அடங்குவதில்லை. அரசு ஒருநாள் நம் ஆயுதத்தைப் பிடுங்கும் என்ற அச்சம் வெறும் கற்பனை என்று ஒதுக்குகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அமெரிக்காவில் அது நடந்திருக்கிறது, பலமுறை, சட்டத்தின் பெயராலேயே. ஆனால் அது யாருக்கு நடந்தது, எந்த வழியில் நடந்தது என்று பார்த்தால் இந்த விவாதத்தின் முகமே மாறிவிடுகிறது. எவரும் ஆயுதம் வைத்திருக்கக் கூடாது என்று சொல்லி அது நடக்கவில்லை. அனுமதி வாங்கிக்கொள் என்று சொல்லி நடந்தது. அனுமதி தருவதும் மறுப்பதும் ஓர் அதிகாரியின் மனம்போல விடப்பட்டது.

1791இல் நிறைவேறிய இரண்டாம் அரசியல் சட்டத் திருத்தம், ஒழுங்குபட்ட குடிப்படையைக் குறிப்பிட்டு, ஆயுதம் வைத்திருக்கவும் ஏந்தவும் மக்களுக்குள்ள உரிமையில் கைவைக்கக் கூடாது என்கிறது. இந்த மக்கள் என்ற சொல்லுக்குள் யார் யார் வருவார்கள் என்பதே சிக்கல். 1857இல் டிரெட் ஸ்காட் வழக்கில் தலைமை நீதிபதி ரோஜர் டேனி கறுப்பர்கள் குடிமக்களாக முடியாது என்று தீர்ப்பு எழுதியபோது, அப்படி ஆனால் என்னென்ன நேரும் என்று ஒரு பட்டியல் போட்டார். விரும்பிய இடத்துக்குப் போவார்கள், பொதுக்கூட்டம் போடுவார்கள், போகும் இடமெல்லாம் ஆயுதம் ஏந்துவார்கள். குடியுரிமைக்கும் ஆயுதத்துக்கும் உள்ள தொடர்பை அவர் மிகத் தெளிவாகவே புரிந்துவைத்திருந்தார்.

உள்நாட்டுப் போர் முடிந்த 1865இலேயே மிசிசிப்பி மாநிலம் விடுதலை பெற்ற அடிமைகளுக்கென்று ஒரு சட்டம் இயற்றியது. கவுன்ட்டி வாரியத்தின் உரிமம் இல்லாமல் அவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ பெரிய கத்தியோ வைத்திருக்கக் கூடாது. நேற்றுவரை அவர்களை உடைமையாக வைத்திருந்தவர்களே அந்த வாரியங்களில் கோலோச்சியவர்கள். இதை முறியடிக்கத்தான் 1866 ஜூலையில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய விடுதலை பெற்றோர் நலத்துறைச் சட்டத்தில், ஆயுதம் ஏந்தும் அரசியல் சட்ட உரிமையும் பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டது. இரண்டாண்டு கழித்துப் பதினான்காம் திருத்தம் வந்தது. இரண்டாம் திருத்தம் வாஷிங்டனைக் கண்டு அஞ்சிய மாநிலங்களின் காலத்தில் எழுதப்பட்டது. பதினான்காம் திருத்தம் மாநிலங்களைக் கண்டு அஞ்சிய மனிதர்களுக்காக எழுதப்பட்டது. பின்னாளில் துப்பாக்கி உரிமைக்காகப் பேசியவர்கள் முதல் அச்சத்தையே அதிகம் நினைவில் வைத்துக்கொண்டார்கள்.

லூசியானாவின் கோல்ஃபாக்ஸ் சிற்றூரில் 1873 ஏப்ரல் 13, ஈஸ்டர் ஞாயிறன்று நடந்ததை இங்கே சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். முந்தைய ஆண்டுத் தேர்தலில் வென்றது யார் என்று இரு தரப்பும் உரிமை கொண்டாடின. தாங்கள் வாக்களித்த நிர்வாகத்தைக் காக்க, கறுப்பின ஆண்கள் நீதிமன்றக் கட்டடத்தைச் சுற்றிப் பதுங்குகுழி வெட்டிக் காவல் நின்றார்கள். அவர்களில் உள்நாட்டுப் போரில் வடக்கின் படையில் சண்டையிட்டவர்களும் மாநிலக் குடிப்படையைச் சேர்ந்தவர்களும் இருந்தார்கள். இரண்டாம் திருத்தம் சொல்லும் குடிப்படையை அதன் பொருளோடு அன்று அங்கே காண முடிந்தது. எதிரே 150 பேருக்கு மேற்பட்ட ஆயுதமேந்திய வெள்ளையர் ஒரு சிறு பீரங்கியையும் இழுத்துக்கொண்டு வந்தார்கள். கூரைக்குத் தீ வைத்தார்கள். சரணடைந்தவர்களைக் கைதிகளாக வைத்திருந்து இரவில் சுட்டுக் கொன்றார்கள். இறந்தவர் தொகை 60க்குச் சற்று மேல் என்பதிலிருந்து 150 வரை வெவ்வேறு கணக்குகள் சொல்கின்றன.

மத்திய அரசின் வழக்கறிஞர்கள் ஏறக்குறைய நூறு பேர்மீது குற்றம் சாட்டினார்கள். ஒன்பது பேர்தான் கூண்டில் ஏறினார்கள். மூவர் தண்டிக்கப்பட்டார்கள். அந்த மூவரின் வழக்கும் யுனைடெட் ஸ்டேட்ஸ் எதிர் குரூக்ஷாங்க் என்ற பெயரில் உச்ச நீதிமன்றம் போனது. கூட்டம் கூடும் உரிமையையும் ஆயுதம் ஏந்தும் உரிமையையும் பறிக்கச் சதி செய்தார்கள் என்பது குற்றச்சாட்டுகளில் சேர்ந்திருந்தது. 1876இல் நீதிமன்றம் சொன்ன விடை: இரண்டாம் திருத்தம் நாடாளுமன்றத்தை மட்டுமே கட்டுப்படுத்தும், தனியார் அந்த உரிமையில் கைவைத்தால் முறையீட்டை மாநிலத்திடம் வைத்துக்கொள்ளுங்கள். மூவரும் விடுதலையானார்கள். தெற்கு மாநிலங்களில் கறுப்பர்களுக்கு வாஷிங்டன் தரக்கூடிய காவல் அதோடு போயிற்று. வாஷிங்டனின் அத்துமீறலைக் கண்டிக்கும் நூல்கள் எத்தனையோ உள்ளன. வாஷிங்டன் கைகழுவியதால் செத்தவர்களையும் அந்தக் கணக்கில் சேர்க்காமல் அமெரிக்கச் சுதந்திரத்தின் வரலாற்றை எழுத முடியாது.

புளோரிடா 1893இல் ஒரு சட்டம் போட்டது. பிஸ்டலோ தொடர்ந்து சுடும் ரைஃபிளோ ஏந்த உரிமம் வேண்டும் என்றது. சட்டத்தின் வாசகத்தில் நிறம் என்ற சொல்லே கிடையாது. 1941இல் ஒரு வெள்ளைக்காரர் காருக்குள் பிஸ்டல் வைத்திருந்ததாகப் பிடிபட்டு வழக்கு மாநில உச்ச நீதிமன்றம் வந்தபோது, நீதிபதி ரிவர்ஸ் புஃபோர்டு உள்ளதை உள்ளபடி எழுதிவிட்டார். டர்பன்டைன் எண்ணெய்க் காடுகளிலும் மரம் வெட்டும் முகாம்களிலும் உழைத்த கறுப்பர்களின் ஆயுதத்தைப் பறிக்கவே இந்தச் சட்டம் வந்தது, வெள்ளையர்மீது பாய்வதற்காக இதை யாரும் இயற்றவில்லை, கிராமப்புறத்து வெள்ளை ஆண்களில் 80 சதவீதத்துக்கும் மேலானோர் இதை மீறியிருப்பார்கள் என்று அவர் கணித்தார். காரில் பிடிபட்டவர் தப்பினார். இவ்வளவு வெளிப்படையான ஒப்புதல் சட்ட வரலாற்றில் அரிது.

1956 ஜனவரி 30 இரவு அலபாமாவின் மாண்ட்கமரியில் மார்ட்டின் லூதர் கிங்கின் வீட்டுத் திண்ணையில் குண்டு வெடித்தது. உள்ளே மனைவியும் கைக்குழந்தையும் இருந்தார்கள். அதன்பிறகு கிங் துப்பாக்கி ஏந்த உரிமம் கேட்டு ஷெரிப்பிடம் விண்ணப்பித்தார். உயிருக்கு ஆபத்து என்பதற்கு அவரைவிட நல்ல சான்று அந்த மாநிலத்தில் யாரிடமும் இருந்திருக்காது. விண்ணப்பம் மறுக்கப்பட்டது. பின்னர் அவர் அகிம்சையை முழுமையாக ஏற்று, வீட்டில் இருந்த துப்பாக்கிகளையும் விலக்கினார் என்பது வேறு கதை. எனக்கு முக்கியமாகப் படுவது அந்த மேசையும் அதன்மேல் வந்து விழுந்த அந்தத் தாளும்தான். சட்டத்தில் 'தரலாம்' என்று எழுதுவதற்கும் 'தர வேண்டும்' என்று எழுதுவதற்கும் ஒரு சொல்தான் வேறுபாடு. அந்த ஒரு சொல்லின் இடைவெளியில் ஷெரிப்பின் விருப்புவெறுப்பு முழுவதும் வந்து உட்கார்ந்துகொள்கிறது. மறுப்புக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. மேல்முறையீட்டுக்குப் போனாலும் அங்கே இருப்பவர் ஷெரிப்பின் நண்பர்.

உரிமம் கிடைக்காதவர்கள் வேறு வழி தேடினார்கள். வட கரோலினாவின் மன்ரோவில் ராபர்ட் வில்லியம்ஸ் என்ற முன்னாள் படைவீரர் தேசிய ரைஃபிள் சங்கத்திலேயே ஒரு கிளைக்கு ஒப்புதல் வாங்கி, கறுப்பர்களுக்குச் சுடப் பயிற்சி தந்தார். 1957இல் கு கிளக்ஸ் கிளான் கூட்டம் காரில் வந்தபோது அவர்கள் சுட்டு விரட்டினார்கள். 1964இல் லூசியானாவின் ஜோன்ஸ்பரோவில் பாதுகாப்புக்கும் நீதிக்குமான டீக்கன்கள் என்ற அமைப்பு பிறந்து, குடிமை உரிமைப் போராளிகளுக்கு இரவுக் காவல் இருந்தது. அகிம்சைப் போராட்டத்தின் வெற்றியைச் சொல்லும் பாடநூல்களில் இந்தக் காவல்காரர்களுக்குக் கிடைக்கும் இடம் மிகக் குறைவு.

அப்படியானால் இன்றைய துப்பாக்கி அரசியல் எங்கே பிறந்தது? 1871இல் தொடங்கிய தேசிய ரைஃபிள் சங்கம் நெடுங்காலம் குறிபார்த்துச் சுடுவோரும் வேட்டைக்காரர்களும் கூடும் இடமாகவே இருந்தது. அதன் தலைவர் கார்ல் ஃபிரெடெரிக் 1934இல் நாடாளுமன்றக் குழுவின் முன், ஆளாளுக்குத் துப்பாக்கி ஏந்தித் திரிவதில் தமக்கு நம்பிக்கையில்லை என்றே சாட்சியம் சொன்னார். திருப்பம் எழுபதுகளில் வந்தது. 1971இல் மேரிலாந்தில் சாதாரண உடையில் வந்த அதிகாரிகள் ஆயுதச் சோதனை என்று ஒருவர் வீட்டுக் கதவை உடைத்து நுழைந்து, பழங்காலக் கைத்துப்பாக்கியோடு எதிரே நின்ற அவரைத் தலையில் சுட்டார்கள். அவர் முடமானார். சங்கத்தின் ஆயுள் உறுப்பினர் அவர். 1977 மே மாதம் சின்சினாட்டியில் நடந்த ஆண்டுக் கூட்டத்தில், ஹார்லன் கார்ட்டரின் பின்னால் திரண்ட உறுப்பினர்கள் பழைய தலைமையை விடியவிடிய வாக்கெடுத்துக் கவிழ்த்தார்கள். 1980இல் அந்தச் சங்கம் வரலாற்றில் முதன்முறையாக ஒரு குடியரசுத் தலைவர் வேட்பாளரை ஆதரித்தது. அவர் மல்ஃபோர்டு மசோதாவில் கையெழுத்திட்ட அதே ரீகன்.

துப்பாக்கி உரிமை இயக்கத்தினரின் கோபத்துக்கு இரண்டு ஊர்ப் பெயர்கள் எரிபொருளாயின. ஐடஹோ மாநிலத்தின் ரூபி ரிட்ஜ் அவற்றில் ஒன்று. ராண்டி வீவர் என்பவர் குழாய் குறுக்கிய இரண்டு ஷாட்கன்களை அரசின் உளவாளிக்கு விற்றார் என்பது வழக்கு. பிப்ரவரி 20 அன்று நீதிமன்றம் வர வேண்டியவருக்கு, மார்ச் 20 என்று தவறான தேதியிட்டுக் கடிதம் போயிருந்தது. 1992 ஆகஸ்டில் அந்த மலை வீட்டை 11 நாள் முற்றுகையிட்டார்கள். ஒரு மத்திய அதிகாரியும், வீவரின் 14 வயது மகனும், கைக்குழந்தையை ஏந்திக் கதவருகே நின்ற அவர் மனைவியும் இறந்தார்கள். ஆயுத விற்பனைக் குற்றச்சாட்டிலிருந்து ஜூரி அவரை விடுவித்தது. அரசு 31 இலட்சம் டாலர் இழப்பீடு தந்தது. அடுத்த ஆண்டு டெக்சசின் வேக்கோவில் ஒரு மதக் குழுவின் வளாகத்தை 51 நாள் வளைத்தார்கள். தொடக்கத் துப்பாக்கிச் சண்டையில் நான்கு அதிகாரிகளும் உள்ளிருந்தோர் ஆறு பேரும் மாண்டார்கள். 1993 ஏப்ரல் 19 அன்று எழுந்த தீயோடு முடிந்த இறுதித் தாக்குதலில் குழந்தைகள் உட்பட 76 பேர் இறந்தார்கள். இரண்டாண்டு கழித்து அதே தேதியில், அதற்குப் பழிவாங்குவதாகச் சொல்லி, திமோதி மெக்வே ஓக்லஹோமா நகரில் வெடிக்கச் செய்த டிரக் குண்டு 168 உயிர்களைக் கொன்றது. அவர்களில் 19 பேர் குழந்தைகள்.

ரூபி ரிட்ஜும் வேக்கோவும் அரசின் அத்துமீறலுக்கு உண்மையான சான்றுகள். எனக்கு அதில் ஐயமில்லை. ஆனால் அதே வரிசையில் வர வேண்டிய வேறு இரண்டு ஊர்கள் அந்த இயக்கத்தின் மேடைகளில் ஒலித்ததில்லை. 1969 டிசம்பர் 4 விடியலுக்கு முன் சிகாகோ போலீசார் ஆயுதம் தேடும் ஆணையோடு பேந்தர் தலைவர் ஃபிரெட் ஹாம்ப்டனின் குடியிருப்பில் நுழைந்தார்கள். படுக்கையறை எங்கே இருக்கிறது என்று காட்டும் வரைபடம் எஃப்.பி.ஐ. உளவாளி மூலம் கிடைத்தது. போலீசார் தரப்பில் 90 சுற்றுகள் அளவுக்குச் சுட்டார்கள். உள்ளிருந்து வந்தது ஒரே ஒரு சுற்று. ஹாம்ப்டனுக்கு வயது 21. 1985 மே 13 அன்று பிலடெல்பியாவில், மூவ் என்ற கறுப்பினக் குழுவினரைக் கைதுசெய்யப் போன போலீசார், வரிசை வீடுகள் நெருங்கிய தெருவில் ஹெலிகாப்டரிலிருந்து குண்டு போட்டார்கள். தீயை எரிய விட்டார்கள். ஐந்து குழந்தைகளோடு 11 பேர் இறந்தார்கள். 61 வீடுகள் சாம்பலாயின. கைது ஆணையில் சட்டவிரோத ஆயுதம் வைத்திருந்த குற்றச்சாட்டும் இருந்தது. வேக்கோவுக்கு எட்டாண்டு முன்னால் நடந்தது இது. அரசுமீது அவநம்பிக்கை கொள்வதற்கான பாடம் அன்றே முழுவதுமாக இருந்தது.

அவநம்பிக்கை சட்டமாகவே உறைந்துபோன இடம் ஒன்று உண்டு. மேற்கு வர்ஜீனியாவின் மார்ட்டின்ஸ்பர்க்கில் உள்ள தேசியத் தடமறியும் மையம் அது. கொலை நடந்த இடத்தில் கிடைத்த துப்பாக்கி யாருக்கு விற்கப்பட்டது என்று நாட்டின் போலீசார் எல்லோரும் கேட்கும் இடம். 1986ஆம் ஆண்டுச் சட்டம் மத்திய அரசு துப்பாக்கிப் பதிவேடு வைப்பதைத் தடைசெய்கிறது. எனவே வாங்கியவர் பெயரைத் தட்டித் தேடும் கணினிப் பட்டியல் அங்கே கிடையாது. ஊழியர் உற்பத்தியாளரைத் தொலைபேசியில் அழைக்கிறார். அவர் மொத்த வியாபாரியைச் சொல்கிறார். மொத்த வியாபாரி கடையைச் சொல்கிறார். வாங்கியவர் நிரப்பிய படிவம் கடைக்காரரின் அலமாரியில் இருக்கிறது. கடை மூடப்பட்டிருந்தால் அதன் காகிதங்கள் பெட்டி பெட்டியாக இந்த மையத்துக்கு வந்திருக்கும். அவற்றைப் படமெடுத்து வைத்திருக்கிறார்கள். பெயரால் தேட முடியாத அந்தப் படங்களைப் பக்கம் பக்கமாகப் புரட்ட வேண்டும். பின்னணிச் சோதனையில் தேறியவரின் பதிவை 24 மணி நேரத்துக்குள் அழித்துவிட வேண்டும் என்றும் விதி. 2021இல் அந்த நாட்டில் துப்பாக்கியால் இறந்தவர்கள் 48,830 பேர். பாதிக்கு மேல் தற்கொலை. இந்த எண்ணிக்கையை முன்னால் வைத்துக்கொண்டு மார்ட்டின்ஸ்பர்க்கின் பக்கம் புரட்டலை என்னால் ஏற்க முடியவில்லை. பட்டியல் இருந்தால் பறிமுதல் வரும் என்ற வாதத்துக்கு வரலாற்றில் ஆதாரம் உண்டு. 1941 டிசம்பரில் அமெரிக்காவில் வாழ்ந்த ஜப்பானியரிடமிருந்து துப்பாக்கி, சிற்றலை வானொலி, கேமரா எல்லாவற்றையும் அரசு வாங்கி வைத்துக்கொண்டது. சில மாதங்களில் அவர்களையே முள்வேலிக்குள் கொண்டுபோய் வைத்தது. இருந்தும், ஒரு கொலையாளியைத் தேடும் அதிகாரியின் கையைக் கட்டுவதும் ஓர் ஊரையே வளைக்கும் அதிகாரியின் கையைக் கட்டுவதும் ஒன்றல்ல.

துப்பாக்கி உரிமைக்காரர்களும் குடிமை உரிமைக்காரர்களும் கைகோத்த தருணங்கள் உண்டு, அதிகம் பேசப்படாதவை. குடிமக்களின் தொலைபேசித் தொடர்புப் பதிவுகளை அரசு மொத்தமாகத் திரட்டியதை எதிர்த்து 2013இல் அமெரிக்கக் குடிமை உரிமைகள் ஒன்றியம் வழக்குப் போட்டபோது, தேசிய ரைஃபிள் சங்கம் அவர்களுக்கு ஆதரவாக மனு தாக்கல் செய்தது. யார் துப்பாக்கிக் கடைக்கு அழைக்கிறார் என்று தெரிந்தால் அதுவே பதிவேடாகிவிடும் என்பது அவர்கள் வாதம். 2016 ஜூனில் ஆர்லாண்டோவில் 49 பேர் சுட்டுக் கொல்லப்பட்டபின், விமானத்தில் ஏறத் தடை பெற்றோர் பட்டியலில் உள்ளவர்களுக்குத் துப்பாக்கி விற்கக் கூடாது என்று ஜனநாயகக் கட்சியினர் நாடாளுமன்றத் தரையில் உட்கார்ந்து போராடினார்கள். குடிமை உரிமைகள் ஒன்றியம் அதை எதிர்த்தது. அந்தப் பட்டியலில் பெயர் ஏறியதற்குக் காரணம் சொல்லப்படுவதில்லை, நீக்கக் கேட்க நேர்மையான வழியில்லை என்று அது ஏற்கெனவே முஸ்லிம்களுக்காக வழக்காடிக்கொண்டிருந்தது. பெயர் சேர்ப்பதும் விடுவதும் அதிகாரியின் மனம்போல. மாண்ட்கமரியில் பார்த்த மேசை இங்கே கண்ணுக்குத் தெரியாத அலுவலகமாகிவிட்டது.

2008இல் ஹெல்லர் வழக்கில் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில், தற்காப்புக்காக வீட்டில் துப்பாக்கி வைப்பது தனிமனித உரிமை என்று உச்ச நீதிமன்றம் கூறியது. ஈராண்டு கழித்து வேறொரு வழக்கில், அந்த உரிமை மாநிலங்களையும் கட்டுப்படுத்தும் என்றது. அந்த வழக்கைத் தொடுத்தவர் ஓட்டிஸ் மெக்டொனால்டு என்ற சிகாகோ முதியவர், லூசியானாவின் குத்தகை விவசாயிக்குப் பிறந்த கறுப்பினத்தவர். வீட்டில் திருடர்கள் புகுந்தபின் கைத்துப்பாக்கி வைத்திருக்க அவர் விரும்பினார், நகரம் தடை செய்திருந்தது. நீதிபதி கிளாரன்ஸ் தாமஸ் தம் தனிக் கருத்துரையில் கோல்ஃபாக்ஸைச் சொன்னார், குரூக்ஷாங்க் தீர்ப்பு என்னவெல்லாம் செய்தது என்று எழுதினார். 134 ஆண்டுகள் கழித்து அந்த ஈஸ்டர் ஞாயிறு நீதிமன்றத்துக்குத் திரும்பி வந்தது.

2022இல் புரூயன் வழக்கு. நியூயார்க்கில் வெளியே கைத்துப்பாக்கி ஏந்த, தக்க காரணம் இருப்பதாக அதிகாரியை அதுவரை நம்பச் செய்ய வேண்டியிருந்தது. 'தரலாம்' என்ற வகைச் சட்டம். ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் அது விழுந்தது. சட்டத்தை வீழ்த்தச் சொல்லி மனு கொடுத்தவர்களில் பிராங்ஸ் நகரப் பகுதியின் ஏழைகளுக்காக வாதாடும் வழக்கறிஞர்களும், சட்ட உதவிச் சங்கத்தின் கறுப்பின வழக்கறிஞர்களும் இருந்ததைக் கண்டு பலர் திகைத்தார்கள். அவர்கள் எழுதியது தங்கள் அன்றாட அனுபவம். உரிமம் கிடைக்காத கறுப்பரும் லத்தீன் மக்களும் உரிமமில்லாத துப்பாக்கிக்காகச் சிறைக்குப் போகிறார்கள், வேலையையும் பிள்ளைகளையும் இழக்கிறார்கள். நியூயார்க் நகரத்தில் 2011இல் மட்டும் போலீசார் 6,85,724 முறை மக்களைத் தெருவில் நிறுத்தினார்கள். தேடுவது துப்பாக்கியை என்றார்கள். துப்பாக்கி கிடைத்தது நூற்றில் ஒன்றுக்கும் குறைவான தடவை. நிறுத்தப்பட்டோரில் பெரும்பாலோர் கறுப்பரும் லத்தீனியரும். அந்த நடைமுறை அரசியல் சட்டத்துக்கு முரணானது என்று 2013இல் நீதிபதி ஷீரா ஷைண்ட்லின் தீர்ப்பளித்தார். துப்பாக்கிக் கட்டுப்பாட்டை வரவேற்கும் என்போன்றவர்கள் இந்த வழக்கறிஞர்களின் மனுவை ஒருமுறை முழுவதும் படிக்க வேண்டும்.

உரிமத்தை 'தர வேண்டும்' என்று எழுதிவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா? மினசோட்டா அப்படி எழுதிய மாநிலம். அங்கே ஒரு பள்ளியின் உணவகத்தில் பிள்ளைகளுக்குச் சாப்பாடு பரிமாறிவந்த 32 வயதுக் கறுப்பினத்தவர் சட்டப்படி உரிமம் பெற்றிருந்தார். வாகனச் சோதனை என்று போலீசார் அவரை வாழ்நாளில் 40 தடவைக்கும் மேல் நிறுத்தியிருக்கிறார்கள். 2016 ஜூலை 6 மாலை ஃபால்கன் ஹைட்ஸ் பகுதியில் மறுபடி நிறுத்தினார்கள். காரில் அவருடைய தோழியும் பின்னிருக்கையில் தோழியின் நான்கு வயது மகளும். தம்மிடம் துப்பாக்கி இருப்பதை அவர் முன்கூட்டியே, மரியாதையாகச் சொன்னார். பேச்சுத் தொடங்கி ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, அதிகாரி ஏழு முறை சுட்டார். விசாரணை நடப்பதால் கருத்துச் சொல்ல இயலாது என்று தேசிய ரைஃபிள் சங்கம் ஓர் அறிக்கை விட்டது, இறந்தவர் பெயர் அதில் இல்லை. 2017 ஜூனில் ஜூரி அதிகாரியை விடுவித்தது. இறந்தவரின் கைத்துப்பாக்கி அவருடைய கால்சட்டைப் பையிலேயே இருந்தது.